கடைக்குப் பின்னால் ஒரு பைன்

அவரை நல்ல சலூன்காரர் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் யோசிப்பேன். அவர் வெட்டினால் இடது காதோரம் வலதைவிட ஒரு நூல் ஏறித்தான் இருக்கும். சுட்டிக்காட்டினால், "உங்க காதுதான் ஏறி இறங்கி இருக்கு, அதுக்கு நான் என்ன பண்ண?" என்பார். இருந்தாலும் பல வருடங்களாக அவரிடம்தான் தலையைக் கொடுத்து வருகிறேன். காரணம் அவர் கை அல்ல, வாய். பேசிக்கொண்டே இருப்பார். அதில் பாதி பொய்யாக இருக்கும், ஆனால் யாருக்கும் கெடுதல் செய்யாத பொய். அப்படிப்பட்ட வாய் ஒரே ஒரு விஷயத்தில் சில வருடங்கள் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் நாற்காலியில் உட்காரும்போது கொஞ்சம் கொஞ்சமாக அவரே சொன்னார். கேட்டதை வரிசைப்படுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கடை ரயில் பெட்டி மாதிரி குறுகலானது. இரண்டு சுழல் நாற்காலிகள். அவற்றில் ஒன்றுதான் சுழலும். மற்றதில் உட்கார்ந்து முறை வரும்வரை பேப்பர் படிக்கலாம். முன்னால் சுவரை அடைத்த கண்ணாடி. பின்னால் ஒரு கதவு, காற்றுக்காக எப்போதும் திறந்தே கிடக்கும். அதைத் தாண்டினால் பாய் விரித்தாற்போல் ஒரு துண்டு நிலம். ஒரு தண்ணீர்த் தொட்டி, துண்டுகள் உலர்த்தும் கொடி. நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குக் கண்ணாடியில் தன் முகமும், தன் காதுக்கு அந்தப் பக்கம் அந்த நிலமும் சேர்ந்தே தெரியும்.

அவருடைய பெரிய குறை, கை சும்மா இருக்காது. ஆள் இல்லாத நேரத்தில் கத்தரியை வைத்துக் காற்றை வெட்டிக்கொண்டிருப்பார். மேசை விரிப்பில் நூல் தொங்கினால் வெட்டுவார். பிரஷ்ஷில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரை வெட்டுவார். ஒருமுறை வீட்டுத் துடைப்பத்தின் நுனி சீராக இல்லை என்று சுற்றிவர வெட்டிவிட்டார். மறுநாள் அது பெருக்கவில்லை. கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. அவர் மனைவி படியில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "ஊர்ல அவனவன் மனுஷனுக்கு முடி வெட்டறான். எங்க வீட்டுக்காரர் துடைப்பத்துக்கு வெட்டறார். நாளைக்கு ஒட்டடைக்கு ஷேவிங் பண்ணுவார், வந்து பாருங்க."

இந்தக் கை ஒரு மரத்தின் மேல் பட்டதுதான் கதை.

மரம் தம்பி கொண்டுவந்தது. அவருக்கு ஒரே தம்பி. சின்ன வயதில் இருவரையும் அப்பா இதே கடையில் ஆளுக்கொரு பக்கம் நிறுத்திப் பழக்கினார். தம்பிக்குக் கை ஓடவில்லை. ஒரு தலையை முடிப்பதற்குள் உட்கார்ந்தவன் தூங்கி எழுந்துவிடுவான். ஒருநாள் ஒருவருடைய காது மடலில் கத்தரி பட்டுவிட்டது. ரத்தம் சொட்டுதான். ஆனால் அண்ணன் கடையில் இருந்த எல்லோர் முன்னாலும் சொன்னார். "உனக்கெல்லாம் எதுக்குடா கத்தரி? போய் எங்கயாவது புல்லு புடுங்கு." தம்பி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சில மாதங்களில் மலைப்பக்கம் வனத்துறை நாற்றங்காலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பைகளில் மண் நிரப்புவது, விதை போடுவது, பாத்தி பார்ப்பது. அங்கே அவனுடைய மெதுவான கை யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. வருடங்கள் போய், நாற்றங்கால் முழுவதும் அவன் பொறுப்பில் வந்தது.

அண்ணனோடு சண்டை என்று சொல்ல முடியாது. போக்குவரத்து இருந்தது. பேச்சு கொஞ்சமாக இருந்தது. அண்ணன் பேசுவார், தம்பி "ம்" போடுவான்.

ஒரு வருடம் விடுமுறையில் வந்தபோது பஸ்ஸில் மடியிலேயே வைத்து ஒரு நாற்றைக் கொண்டுவந்தான். உயரமான கறுப்புப் பை. உள்ளேயிருந்து பச்சையாக ஒரு கொத்து.

"என்னடா இது, புல்லுக்கட்டைத் தூக்கிட்டு வந்திருக்க?"

"புல்லு இல்ல அண்ணே. பைன் மரம். நீள ஊசி. இந்த இலை ஒவ்வொண்ணும் ஒரு மொழம் வரும்."

"மரமா? மரம் எங்கடா?"

தம்பிக்குப் பேச்சு வந்தது அப்போதுதான் என்று அண்ணன் சொல்வார். இந்த ஜாதிப் பைன் முதல் சில வருடங்கள் தரையோடு தரையாகப் புல் போலவே இருக்குமாம். தண்டே தெரியாது. மேலே ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். எல்லா வேலையும் மண்ணுக்குக் கீழே. ஆணிவேர் இறங்கும், வேரின் கழுத்து பருக்கும். போதுமான அளவு பருத்ததும் ஒரு பருவத்தில் நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு குருத்து மெழுகுவத்தி மாதிரிக் கிளம்பும். அதற்குப் பிறகு அதை யாராலும் பிடிக்க முடியாது.

"எப்ப கிளம்பும்?"

"மூணு வருஷத்துல கிளம்பறதும் உண்டு. ஏழெட்டு வருஷம் உக்காந்திருக்கறதும் உண்டு. அதுக்குத் தோணணும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ணணும்?"

"முதல் வருஷம் வெயில்ல தண்ணி விடுங்க. பக்கத்துல களை ஏறாமப் பாத்துக்குங்க. அப்புறம் ஒண்ணும் பண்ணக் கூடாது. கையே வைக்கக் கூடாது. அந்த இலைதான் அதுக்குச் சோறு போடுது."

அண்ணி சிரித்துவிட்டார். "தம்பி, கஷ்டமில்லாத வேலையா வேற ஏதாவது குடுங்க. சும்மா இருக்கறது மட்டும் உங்க அண்ணனால ஆகாது."

அந்த நாற்று தம்பிக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் அன்றே சொல்லியிருக்கிறான். மலைச் சாலை வளைவில் ஒரு பழைய பைன் நிற்கிறது. நூல் பிடித்தாற்போல் நேரான மரம். காற்றுக்கும் வறட்சிக்கும் அசையாதது. அதிலிருந்து விதை எடுக்கலாம் என்று கண்டுபிடித்தவன் இவன்தான். முதல் முறை முளைத்தது ஒரு கைப்பிடி. நட்ட இடத்தில் மாடு புகுந்து, புல் என்று நினைத்து மேய்ந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றைத்தான் எடுத்து வந்திருக்கிறான். "அந்த மரத்தோட மூத்த புள்ளை இதுதான் அண்ணே. இது எப்படி வருதுன்னு பாத்துத்தான் மத்தது." அவன் அண்ணனிடம் எதையாவது ஒப்படைத்தது அதுதான் முதல் முறை.

இருவரும் சேர்ந்து குழி எடுத்து நட்டார்கள்.

முதல் வருடம் சலூன்காரர் சொன்னபடி நடந்தார். இரண்டாம் வருடக் கோடையில் இலை நுனிகள் பழுப்பாயின. கண்ணாடியில் அது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பஸ் கண்டக்டர் வாடிக்கையாக வருவார், நாக்கில் சனி. அவர்தான் ஆரம்பித்தார்.

"யாரு தலை அண்ணே அது, கொல்லைல? ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருக்கு. பாவம், அடுத்து அதைக் கூப்பிடுங்க."

"அது மரம்பா."

"மரமா? எனக்குக் கலியாணத்தன்னிக்கு நீங்க வெட்டிவிட்டது மாதிரியே இருக்கு."

கடை சிரித்தது. அதற்கு 'சிலுப்பி' என்று பேரும் வைத்துவிட்டார்கள். வருகிறவன் எல்லாம் "சிலுப்பி சௌக்கியமா?" என்றுதான் உள்ளே நுழைவான். தன் கடைக்குப் பின்னாலேயே ஒரு தலை சீரில்லாமல் நிற்பது தொழிலுக்கே அவமானம் போல அவருக்குப் பட ஆரம்பித்தது. ஒரு மதியம் ஆள் இல்லை. பின்னால் போனார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தலைக்குச் செய்வது போலவே தண்ணீர் பீச்சினார், சீப்பால் வாரி இலைகளை இரண்டு விரலுக்கு நடுவில் தூக்கிப் பிடித்து, பழுப்பு நுனிகளை மட்டும் நறுக்கினார். எழுந்து நின்று பார்த்தபோது வட்டமாக, அழகாக இருந்ததாம். கண்டக்டர் மறுநாள் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மாப்பிள்ளைக்குக் களை வந்திருக்கு" என்றார்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. மாதம் ஒருமுறை சிலுப்பிக்குக் கத்தரி. பழுப்பு இருந்தால் பழுப்பு, இல்லாவிட்டால் பச்சை.

தம்பி சொன்னது நினைவில் இல்லையா என்று கேட்டேன். இருந்ததாம். ஆனால் அவருடைய தொழிலில் ஒரு வாக்கியம் உண்டு. முடி அடர்த்தியாக இல்லை என்று குழந்தையைக் கூட்டி வரும் அம்மாக்களிடம் ஆயிரம் முறை சொன்னது: "ஒட்ட வெட்டிவிட்டாத்தான்மா நல்லா வளரும்." அது உண்மையில்லை என்று அவருக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி, தெரியும் என்பதே தேய்ந்துபோயிருந்தது. பிழைப்புக்காகச் சொல்லும் வாக்கியங்கள் மற்றவர்களை எந்த அளவுக்கு நம்பவைக்கின்றன என்பது எனக்குத் தெரியாது, சொல்பவனை நம்பவைத்துவிடுகின்றன. வெட்டினால்தான் எழும் என்று அவர் மனதார நம்பினார். தம்பி வரும்போது மரம் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும், 'பாத்தியாடா, கை ராசி' என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

தம்பி வந்தான். மரம் புல்லாகவே இருந்தது. உட்கார்ந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, இலையெல்லாம் கட்டையா இருக்கு? ஆடு கீடு மேயுதா?" என்றான்.

அண்ணி கணவனைப் பார்த்தார். கணவன் சுவரைப் பார்த்தார். "சுவர இன்னும் கொஞ்சம் ஏத்திக் கட்டணும்டா" என்றார்.

சுவரை ஏற்ற வேண்டியது உண்மைதான். ஏற்றினார். அதோடு ஆடு என்ற சாக்கும் போயிற்று. அடுத்த வருடங்களில் தம்பி வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கத்தரியை நிறுத்திவிடுவார். நடுவிலிருந்து புது இலைகள் வந்து பழைய வெட்டுகளை மூடிக்கொள்ளும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தவறு என்று தெரியாமல் செய்தேன் என்று அவரால் சொல்ல முடியாமல் போனது இந்த இடத்தில்தான். ஒளிக்கத் தெரிந்தவனுக்கு, எதை ஒளிக்கிறோம் என்பதும் தெரிந்திருக்கும்.

"அப்பவே அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்றது? புல்லு புடுங்கப் போடான்னு சொன்னவன் நானு. அவன் ஒரே ஒரு புல்லைக் கொண்டுவந்து கையில குடுத்தான். அதைக்கூடப் பாத்துக்கத் தெரியலன்னு நான் எந்த வாயால சொல்ல?"

இதற்கிடையில் மலையில் தம்பி, சாலை வளைவில் நின்ற அதே தாய் மரத்திலிருந்து மறுபடி விதை எடுத்து ஒரு முழுப் பாத்தி நாற்று வளர்த்திருந்தான். நாற்றங்காலில் இடம் குறைவு. எந்தத் தாய் மரத்தின் நாற்று தேறாதோ அதை எடுத்துவிட்டு வேறு போடலாம் என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். பாத்தி நாற்றுகள் இன்னும் சிறியவை, அவற்றைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது ஒன்றுதான், அது சலூனுக்குப் பின்னால் இருந்தது. தம்பி போன் செய்தான். கடையில் கூட்டம். அண்ணன் தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஒருவருக்குப் பிடரி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நம்ம மரம் எழுந்திருச்சா?"

"இல்லடா. அப்படியேதான் இருக்கு."

"நல்ல வெயில் படுதா?"

"நாள் பூரா படுது."

"யாரும் ஒண்ணும் பண்ணலயே?"

"யாருடா பண்ணப் போறா? சுவரத்தான் ஏத்தியாச்சே."

"சரி அண்ணே" என்று வைத்துவிட்டான்.

எதற்காகக் கேட்கிறான் என்று அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் சிலுப்பிக்குச் சுற்றிவர வெட்டியிருந்தார். அவர் சொன்ன பதில்களில் நேரான பொய் என்று எதைப் பிடிப்பது? மரம் அப்படியேதான் இருந்தது. வெயில் படத்தான் செய்தது. சுவர் ஏறித்தான் இருந்தது. உண்மைகளைக் கொண்டே ஒரு பொய்யைக் கட்டிவிடலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த வருட விடுமுறையில் வந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவும்போது தம்பி சாதாரணமாகச் சொன்னான். "அந்த மரத்துப் பாத்தியை எடுத்துட்டோம் அண்ணே."

"எந்தப் பாத்தி?"

"அதான், நம்ம சிலுப்பியோட தம்பி தங்கச்சிங்க. இத்தன வருஷமா மூத்ததே எழுந்திருக்கலயே. ஆபீசர் கேட்டாரு. தேறாதுன்னு நான்தான் சொன்னேன். அந்த வளைவு மரத்துக்கு விதை மரம்னு பெயிண்ட்ல ஒரு வளையம் போட்டிருந்தோம், அதையும் அழிச்சாச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான்தான் தப்பாக் கணிச்சுட்டேன். நேரா இருக்கு, பாக்க நல்லா இருக்குன்னு மயங்கிட்டேன்" என்று சிரித்தான்.

சலூன்காரர் அன்று சாயங்காலம் கடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டர் கூட, "என்ன அண்ணே, பல்லு வலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாடியில் மனைவி கேட்டார். "சொன்னீங்களா?"

"பாத்தியத்தான் எடுத்துட்டாங்களே. இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது?"

"பாத்திக்காகவா சொல்லச் சொல்றேன்? அந்த மனுஷன் தன்னையே மட்டம்னு நெனச்சுக்கிட்டு ஊருக்குப் போறாரு. அது உங்களுக்குத் தெரியலயா?"

தெரிந்தது. சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மரத்தின் மேல் கத்தரி வைப்பதை நிறுத்திவிட்டார். பின்கதவையும் சாத்திவைக்க ஆரம்பித்தார். கடை புழுங்கியது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். காற்றைவிட, கண்ணாடியில் அது தெரியாமல் இருப்பது அவருக்கு முக்கியமாக இருந்தது.

இந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் என் தலையில் ஓடிக்கொண்டிருந்த கத்தரியை நிறுத்திவிட்டார். அது எழக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாராம். எழாவிட்டால் விதைதான் மோசம், தம்பி சொன்னது சரி, தன் மேல் பழி இல்லை. எழுந்துவிட்டால்? தினமும் காலையில் துண்டு உலர்த்தும்போது ஓரக்கண்ணால் பார்ப்பார். புல்லாகவே இருக்கும். மூச்சு விடுவார். பிறகு, தான் எதற்கு மூச்சு விட்டோம் என்று நினைத்து நாள் முழுக்க மனம் கசந்துகொண்டே இருக்கும். தண்ணீர் விட்டு, களை பிடுங்கி, சுவர் கட்டி ஒரு மரத்தைக் காப்பாற்றிக்கொண்டே, அது உருப்படக் கூடாது என்று காத்திருந்த மனிதர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். இருந்தால் அவர்களுடைய துக்கம் எனக்குப் புரியும் என்று சொல்லத் தயங்குகிறேன்.

இலைகள் நீண்டன. முழம் என்று தம்பி சொன்னது மிகையில்லை. கொத்து வளைந்து நாலு பக்கமும் தரையைத் தொட்டது. அடுத்த வருடம் மழை விட்டு வெயில் திரும்பிய ஒரு காலையில், நடுவில் விரல் தடிமனுக்கு வெள்ளி நிறத்தில் ஒரு குருத்து நின்றது. பஞ்சு சுற்றினாற்போல் மெத்தென்ற வெள்ளை. ஒரே வாரத்தில் சாண் உயரம்.

அவர் கடைக்குள் போய்க் கத்தரியை எடுத்து வந்தார். எதற்கு என்று தனக்கே தெரியாது என்கிறார். எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், அவருக்கும் தெரியும். கொடியில் துணி எடுக்க வந்த மனைவி பார்த்துவிட்டார். கத்தவில்லை. "அதையும் வெட்டிடுங்க. அப்புறம் உங்களுக்கு நிம்மதியாத் தூக்கம் வரும்" என்றார். துணிகளை மடித்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

வெட்டவில்லை. அதற்காக அவரைப் பாராட்ட மாட்டேன். வெட்டாததோடு நின்றார், அவ்வளவுதான். தம்பிக்குச் சொல்லவில்லை. இன்று, நாளை என்று வாரங்கள் போயின. குருத்தில் பச்சை ஊசிகள் வெடித்தன. மரம் இடுப்புக்கு வந்தது.

ஒரு மதியம் தம்பியே போன் செய்தான். குரலில் வழக்கத்தைவிட மெதுவு.

"அண்ணே, ரோட்டை அகலப்படுத்தறாங்க. அந்த வளைவு மரத்த இன்னிக்கு சாச்சுட்டாங்க."

"எந்த மரம்?"

"அதான், தாய் மரம். வளையம் இருந்திருந்தா ரோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பாங்க. இந்த வருஷம் காயும் பிடிக்கல. ஒரு விதைகூட எடுக்க முடியல. போகட்டும். எழுந்திருக்காத வித்து, இருந்து என்ன?"

அப்போதுதான் அவர் வாய் திறந்தது. "தம்பி. நம்ம மரம் எழுந்திருச்சுடா."

மறுமுனையில் அந்த மெதுவான குரல் சட்டென்று வேகமெடுத்தது.

"எப்போ?"

"நீ கிளம்பி வா."

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தான். கடை வழியாக யாரையும் பார்க்காமல் நேராகப் பின்னால் போனான். சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தான். மரத்தைப் பார்த்ததும் தம்பி சத்தமாகச் சிரித்தான். அப்படி அவன் சிரித்து அண்ணன் பார்த்ததே இல்லை. "அண்ணி! இங்க வாங்க! நம்ம சிலுப்பியைப் பாத்தீங்களா? எமகாதகன், எத்தன வருஷம் உக்காந்திருந்து ஏமாத்திட்டான்!" குருத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தான். அண்ணியும் படியிறங்கி வந்து நின்றார்.

அந்தச் சந்தோஷத்தோடு அவன் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஏன் லேட்டாக எழுந்தது என்பதற்கு அவனே ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பான். அதை நினைத்துப் பார்த்ததாக அண்ணன் ஒத்துக்கொள்கிறார். ஆனால் தம்பி அடுத்து சொன்னான். "அப்ப நான் கணிச்சது முதல்ல சரிதான். அப்புறம் ஏன்தான் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சோ."

"உனக்குக் கெடலடா" என்றார் அண்ணன். "நான் வெட்டிக்கிட்டிருந்தேன்."

"என்னத்த?"

"இலைய. நுனி பழுப்பா இருக்குன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் மாசா மாசம்."

தம்பிக்கு உடனே விளங்கவில்லை. குனிந்து, தரையோடு கிடந்த பழைய இலைகளை ஒதுக்கினான். அடியில் சில மட்கிய காம்புகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. பைன் இலை ஊசியாகத்தான் முடியும். இவை மொட்டையாக முடிந்திருந்தன. ஒன்றை விரலால் தடவிப் பார்த்தான்.

"ஆடு இல்லயா?"

"இல்ல."

"நான் போன் பண்ணிக் கேட்டப்போ?"

"அதுக்கு முந்தின வாரம் வெட்டினேன்."

"கேட்டேனே அண்ணே. யாரும் ஒண்ணும் பண்ணலயேன்னு கேட்டேனே."

அண்ணிதான், "திட்டிடுங்க தம்பி. நாலு வார்த்தை நல்லாக் கேட்டுடுங்க" என்றார்.

தம்பி திட்டவில்லை. "அந்தப் பாத்திய ஆளுங்ககிட்ட விடல அண்ணி" என்றான், அண்ணனைப் பார்க்காமல். "நான்தான் வளத்தேன், நானே எடுக்கறேன்னு சொல்லி என் கையாலயே புடுங்கினேன். வேரெல்லாம் நல்லாத்தான் இறங்கியிருந்துச்சு. அப்பவே தோணுச்சு. ஆனா மூத்தது எழுந்திருக்கலன்னு அண்ணன் சொன்னாரே."

அதன் பிறகு இருவரும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். கடையில் இரண்டு பேர் காத்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். கேட்க வேண்டிய கேள்வியை அண்ணன் கேட்டார். "இனிமே இதுலருந்து விதை எடுக்க முடியாதா?"

"முடியும். இது ஒண்ணுதான் இருக்கு."

"எப்போ?"

"இருவது வருஷம் ஆகும். இருவத்தஞ்சுகூட ஆகும்."

இருவருக்குமே மீசை நரைத்துவிட்டது. யாரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை.

தம்பி கிளம்பும்போது சலூன்காரர் பின்கதவைப் பூட்டினார். பூட்டுக்கு ஒரே சாவி. அதை வளையத்திலிருந்து கழற்றி நீட்டினார். "நீயே வெச்சுக்கடா. நீ வந்து தொறந்தாத்தான் இனிமே அந்தப் பக்கம். என் கையை நம்ப முடியாது." சொல்லும்போது அவருக்குள் ஒரு கணக்கு இருந்தது. தம்பி கையைத் தள்ளிவிடுவான், 'என்ன அண்ணே இது, நீங்களே வெச்சுக்குங்க' என்பான், அத்தோடு எல்லாம் ஒருவாறு சரியாகும். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்கும்போது அப்படித்தானே கேட்கிறோம், மறுத்துவிடுவார்கள் என்ற தைரியத்தில்.

தம்பி சாவியை வாங்கிக்கொண்டான். ஒருமுறை பார்த்தான். சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். "மழைக் காலத்துக்கு முந்தி வரேன். களை எடுக்கணும்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனான்.

வருகிறான். சொன்ன காலத்துக்கு வருகிறான், திறக்கிறான், களை எடுக்கிறான், பூட்டிக்கொண்டு போகிறான். அண்ணனோடு பேச்சும் இருக்கிறது, முன்பு எவ்வளவோ அவ்வளவு. துண்டுகள் இப்போது வாசலில் கட்டிய கொடியில் காய்கின்றன. கடையில் புதிதாக ஒரு மின்விசிறி ஓடுகிறது. மாடி வீட்டுக்குப் பின்பக்கம் ஜன்னல் கிடையாது; மரம் அதன் கூரையையும் தாண்டிவிட்டது. போன வாரம் எனக்கு முடி வெட்டி முடித்ததும் சலூன்காரர் என்னோடு வாசலுக்கு வந்தார். தெருவின் எதிர்ப்பக்கம் வரை நடந்து, திரும்பி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். அங்கிருந்துதான் அவரால் அதைப் பார்க்க முடியும்.

"நேரா வருதா?" என்று என்னைக் கேட்டார்.

வருகிறது என்றேன்.